பழைய பவர் வேகனும் பாறைத் தடமும்

கேள்வி: அமெரிக்காவின் மோவாப் பாறைத் தடங்களில் ஓட்டுவதற்காக, பழைய டாட்ஜ் பவர் வேகனில் முதலில் எதை மாற்றுவது?

பதில்: யந்திரத்தையல்ல. 1946-இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியின் 94 குதிரைச் சக்தி, தாழ்ந்த கியரில் நிதானமாக ஏறுவதற்குப் போதும். ஆனால் ஒரே குழாய்ச் சுற்றில் இயங்கும் அதன் டிரம் பிரேக், ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தாலும் நான்கு சக்கரங்களின் பிடியையும் ஒருங்கே இழந்து, செங்குத்தான சரிவில் இறங்குவோரைப் பெரும் அபாயத்துக்கு உள்ளாக்குமாதலால், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்துவதே முதற்காரியம். பிறகு பவர் ஸ்டியரிங். சக்கர இடைவெளி 126 அங்குலமாதலால் மேட்டுமுனையில் வயிறு தட்டும். அதற்கு உறுதியான அடித்தகடு அவசியம். வயிறு தட்டாமலிருக்க வண்டியை அளவுக்கு மீறி உயர்த்தினால் பக்கச் சரிவில் கவிழும். முன்புறத்தில் பழைய வின்ச் இருந்தால், தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.