நெல் இலையும் ஒரு நுண்ணிய ஊசியும்

கும்பப்பூ நடவு முடிந்து ஐந்தாறு வாரம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் ஒரு கைப்பிடி நெல் இலைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். இலையின் நுனியிலிருந்து இரண்டு ஓரங்களிலும் அலை அலையாக மஞ்சள் இறங்கியிருந்தது. சில இலைகள் வைக்கோல் நிறத்துக்கே போய்விட்டன. “யூரியா காணாதுன்னு அப்பா இன்னும் கொஞ்சம் போட்டாரு டீச்சர். அதுக்குப் பிறகுதான் கூடிப்போச்சு” என்றான்.

தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடி இலைகள் முழுதாக வெளிறும். இப்படி நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகினால் பாக்டீரியா இலைக் கருகல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் நாட்களில் இது வேகமாகப் பரவும். யூரியா கூடினால் பயிர் கொழுத்து அடர்ந்து நோய்க்கு இன்னும் வசதியாகிவிடும்.

இதை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் இலையைக் குறுக்காக வெட்டி, வெட்டிய முனை தெளிந்த நீரில் முங்கும்படி நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் நல்ல இலை ஒன்று இருக்கட்டும். பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வைத்து ஐந்து, பத்து நிமிடம் பாருங்கள். நோயுற்ற இலையின் வெட்டு வாயிலிருந்து பால் கலங்கலாக ஒரு மெல்லிய இழை நீருக்குள் இறங்கும். அந்தக் கலங்கல் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள். பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. (முடிந்ததும் அந்த நீரை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கவைத்துக் கொட்டுங்கள், இலைகளை எரித்துவிடுங்கள்.)

இதுவரை எனக்குத் தெரிந்த பாடம்தான். ‘கிருமி செல்லுக்குள் புகுந்து அதைத் தின்கிறது’ என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அன்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், அது குழாய்க்குள்ள இருந்துதானே வடியுது? சைலக் குழாய் செத்த செல்லுன்னு நீங்கதான் சொன்னீங்க. உயிருள்ள செல்லுக்குள்ளே போகாமலே எப்படித் தின்னும்?”

பதில் இல்லாமல் நின்றேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். தேடிப் படித்தபோது, அவள் கேட்டதுதான் சரி என்று தெரிந்தது.

இலை விளிம்பில் நீர் வடியும் நுண்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் இந்தப் பாக்டீரியா நுழைகிறது. (நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் வழக்கம் உள்ள வயல்களில் நோய்க்கு நாமே கதவைத் திறந்துவைக்கிறோம்.) நுழைந்தபின் சைலக் குழாயிலேயே குடியிருக்கும். அங்கே தண்ணீர் உண்டு, சர்க்கரை மிகக் குறைவு. சர்க்கரை இருப்பது சுற்றியுள்ள உயிருள்ள செல்களில். அவற்றுக்குள் பாக்டீரியா போவதில்லை. தன் புரதங்களை அனுப்புகிறது.

அனுப்பும் கருவி ஒரு நுண்ணிய ஊசி போன்றது. இருபதுக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் சேர்ந்து ஆனது. பாக்டீரியாவின் உறையில் அடிப்பாகம் பொருந்தியிருக்க, அதிலிருந்து ஒரு குழல் நீண்டு தாவரச் செல் சுவரைக் கடக்கிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையும் இதுவும் ஒரே பரம்பரை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. துடுப்புக்கும் ஊசிக்கும் ஒரே அடிப்படை! டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லாவிடமும் இதே வகை ஊசி உண்டு.

குழலின் உள்துளை ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு. மடிந்து உருண்டிருக்கும் புரதம் அதில் நுழையாது. பிரிந்து இழையாகி, மறுபக்கம் போய் மீண்டும் மடிகிறது. இதை வகுப்பில் காட்டப் பப்பாளி இலைக் காம்பை எடுத்துக்கொண்டேன். கம்பளி நூலை உருண்டையாகச் சுருட்டி அதன் துளையில் திணிக்கச் சொன்னேன், முடியவில்லை. நுனியைப் பிரித்து ஈர்க்கில் கட்டி உள்ளே விட்டதும் முழு நூலும் வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. கரும்பலகையில் நான் வரைந்த படத்தைவிட இது நன்றாகப் புரிந்தது.

உள்ளே போன புரதங்களில் சில நேராக நெல் செல்லின் உட்கருவுக்குச் செல்கின்றன. அவற்றின் நடுப்பகுதி, தோவாளையில் கட்டும் மாலைபோல, ஏறக்குறைய ஒரே மாதிரியான கண்ணிகள் தொடர்ந்து வரும் சரம். ஒவ்வொரு கண்ணியிலும் பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள். 12, 13ஆம் இடங்களில் இருப்பவை மட்டும் கண்ணிக்குக் கண்ணி மாறும். அந்த இரண்டும்தான் அந்தக் கண்ணி டிஎன்ஏவின் எந்த எழுத்தில் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியின் ஹாலே நகரிலும் அமெரிக்காவின் அயோவாவிலும் இருந்த இரு குழுக்கள் 2009இல் இதைக் கண்டறிந்தன. இப்படி எழுத்துக் கூட்டி இடம் பிடித்த புரதம், சர்க்கரையை வெளியே விடும் வாயிலுக்கான நெல்லின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. செல் தன் சர்க்கரையைத் தானே வெளியே விடுகிறது; குழாயில் இருக்கும் பாக்டீரியா சாப்பிடுகிறது.

சில நெல் வகைகளில் அந்த மரபணுவின் முன்பகுதியில் எழுத்துகள் மாறியிருக்கும். மாலை அங்கே பொருந்தாது, வாயில் திறக்காது. இந்த மாற்றத்துக்கு எக்ஸ்ஏ13 என்று பெயர். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைச் சிறியதாக எழுதுவார்கள், ஏனென்றால் இது ஒடுங்கு பண்பு. இரண்டு நகல்களில் ஒன்று பழையதாக இருந்தாலும் பாக்டீரியாவுக்கு அது போதும். பத்தாம் வகுப்பில் மெண்டல் நடத்துபவர்களுக்குப் பட்டாணியைத் தாண்டி ஓர் எடுத்துக்காட்டு. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த மரபணுவோடு வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து உருவாக்கிய ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’ 2008இல் வெளியானது. மரபணு மாற்றுப் பயிர் அல்ல. கலப்பினம் செய்து, மரபணு அடையாளங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. நம் மாவட்டத்தில் திருப்பதிசாரத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களப்பயணத்துக்கு நல்ல இடம்.

இலை கொண்டுவந்த மாணவனின் தந்தைக்கு அந்தப் பூவில் விளைச்சல் குறைந்துதான் போனது. டம்ளர் சோதனையை வீட்டிலும் செய்து காட்டினானாம். அடுத்த கன்னிப்பூவுக்கு யூரியாவை அளந்து, மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டார் என்று வந்து சொன்னான்.

கேள்வி கேட்ட மாணவி பப்பாளிக் காம்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த ஊசியை மட்டும் உடைச்சிட்டா நோய் வராதா டீச்சர்?” என்றாள். விஞ்ஞானிகள் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊசியை உருவாக்கும் மரபணுக்களைச் சிதைத்துவிட்டால் பாக்டீரியா உயிரோடுதான் இருக்கும், ஆனால் இலை கருகாது. இந்த முறை பதில் என்னிடம் இருந்தது.