தன் நெஞ்சிடத்தும் தண்ணளி வேண்டும்

போர்க்களத்தின் நடுவே தேரில் நின்ற பார்த்தனுக்கு உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, கையிலிருந்த காண்டீபம் நழுவியது. வில்லாளருள் சிறந்தவன் எனப் பெயர் பெற்றவன் தேர்த்தட்டிலே சோர்ந்து அமர்ந்தான். பகவத்கீதை தொடங்குவது இந்தச் சோர்விலிருந்துதான். அதன் முதல் அத்தியாயத்திற்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். விஷாதம் என்பது மனத்துயர். மனம் தளர்தல் கோழைக்கு மட்டும் உரியதன்று. பக்தி குன்றியவனுக்கு மட்டும் நேர்வதும் அன்று. எத்தகைய ஆற்றல் உடையவர்க்கும் அது வரக்கூடும் என்பதே அவ்வத்தியாயம் புகட்டும் முதற்பாடம்.

கண்ணபிரான் முதலில் இடித்துரைத்தான். ஆயினும் தேரைவிட்டு இறங்கிப் போய்விடவில்லை. 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள் கொண்ட அவ்வுரையாடல் முழுவதும் உடனிருந்தான். 'வருந்தாதே' என்னும் பொருளிலேயே சரம சுலோகத்தையும் முடித்தருளினான். அதன் பின்னரே பார்த்தன் எழுந்து வில்லை ஏந்தினான்.

மக்கள் நிலை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் நெல்லும் கரும்பும் விளையும் வளநாடுகள். பாகூர், புதுவையின் நெற்களஞ்சியம் எனவே பெயர் பெற்றது. ஆயினும் வயலின் பசுமையைக் கண்டு மாந்தர் உள்ளமும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளலாகாது. 2015ஆம் ஆண்டிற்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, தற்கொலை விகிதம் நாட்டிலேயே மிகுந்திருந்த இடம் புதுச்சேரி. இலட்சம் பேருக்கு 43.2 என்பது இங்குள்ள அளவு; நாட்டின் சராசரியோ 10.6. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் விளக்கணைந்த ஓர் இல்லம் உண்டு.

2015-16இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் என்னும் அளவில் மனநலக் குறை இருப்பதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் நாணம் ஒரு தடை. அதனினும் பெரிய தடை, 'நான் எதற்கும் உதவாதவன். இது என் குற்றமே' என்று தன்னைத் தானே சாடிக்கொள்ளும் வழக்கம். அயலான் மகன் நோயுற்றால் ஓடிச் சென்று ஆறுதல் கூறுபவரும், தம் நெஞ்சு நோகும்போது அதற்கு ஓர் இன்சொல் கூறுவதில்லை.

கரைமேல் நிற்பவன்

இந்நிலைக்கு இக்கால மனநூலார் கூறும் துணைகள் இரண்டு: ஒன்று மனவிழிப்பு, மற்றொன்று தன்பரிவு.

மனவிழிப்பை விளக்கப் பாகூர் ஏரியே போதும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் இவ்வேரியை வந்தடைகிறது. வெள்ளம் வருங்கால் கரைமேல் நிற்பவன் நீரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காண்கிறான். அவன் நீரைப் பழிப்பதில்லை, அதில் குதிப்பதும் இல்லை. அவ்வாறே, 'இது அச்சம்', 'இது துயரம்' என்று உள்ளத்தில் எழுவனவற்றைப் பெயரிட்டு அறிந்து, மூச்சின் போக்கிலே கவனத்தை மெல்லத் திருப்புவதே மனவிழிப்பு. எண்ணம் வேறு, எண்ணத்தைக் காண்பவன் வேறு என்னும் தெளிவு இதனால் பிறக்கும்.

1979இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பார் தீராத வலியால் வருந்தியோர்க்கு எட்டு வாரப் பயிற்சியாக இதனை வகுத்தார். பின்னர், மனச்சோர்வு நோய் மீண்டும் மீண்டும் வருவதைத் தடுக்கவும் இது பயன்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை அந்நோய்க்கு ஆளானவர்களிடையே, அது மீண்டும் தாக்குவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இருமுறை மட்டும் ஆளானவர்களிடையே அப்பயன் காணப்படவில்லை. ஆகவே இது எல்லார்க்கும் ஒருபடித்தாகப் பயன் தரும் மருந்தன்று.

தன்பரிவின் மூன்று உறுப்புகள்

தன்பரிவை ஆராய்ந்த கிறிஸ்டின் நெஃப் என்னும் அம்மையார் 2003இல் அதற்கு மூன்று உறுப்புகள் கூறினார். தன்னைச் சாடாது இன்சொல்லால் தேற்றுதல் முதலாவது. துன்பம் மாந்தர் அனைவர்க்கும் பொது என்று உணர்தல் இரண்டாவது. மேற்கூறிய மனவிழிப்பு மூன்றாவது.

இவை வைணவ அன்பர்களுக்குப் புதியன அல்ல. பிறந்த கன்றின் உடல் அழுக்கைத் தாய்ப்பசு வெறாது நக்கித் துடைப்பதைக் காட்டியே ஆசாரியர்கள் வாத்ஸல்யத்தை விளக்கினர். எம்பெருமான் வெறாத ஒன்றை அடியவன் மட்டும் வெறுப்பது முறையாகுமோ?

பாகூர் ஏரிக்கு நீர் தரும் அதே பெண்ணையாற்றின் கரையில் உள்ளது திருக்கோவலூர். அங்கே ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினதான இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றனர். துயரும் அத்தகைய இருண்ட இடைகழியே. அதில் தான் ஒருவனே நிற்பதாக எண்ணுபவன், அருகே பிறரும் நிற்பதை உணர்ந்தால் அவன் துயர் பாதி குறையும்.

ஆழ்வார்கள் தம்மை நீசர் என்று தாழ்த்திப் பாடவில்லையோ என ஒருவர் வினவலாம். அந்த நைச்சியம், அணைத்துக்கொள்பவன் முன்னே தம் குறையைத் திறந்து காட்டியதாகும். அது அவர்களை அவன்பால் சேர்த்தது. தன்வெறுப்போ மனிதனை இருளறையில் அடைக்கிறது. 87 பாசுரங்களால் அமைந்த பெரிய திருவந்தாதியில் நம்மாழ்வார் தம் நெஞ்சையே தோழனைப் போல விளித்து, அது முற்பட்டுச் செல்வதைக் கொண்டாடுவதும் ஈண்டுக் கருதத்தக்கது.

தன்பரிவு சோம்பலை வளர்க்கும் என அஞ்ச வேண்டுவதில்லை. தேறுதல் பெற்ற பார்த்தனே வில்லெடுத்தான்.

செய்யத்தக்கது

நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். வருத்தம் எழும்போது, இதே நிலையில் உள்ள உடன்பிறந்தானுக்கு என்ன கூறுவோமோ, அதனையே தன் நெஞ்சுக்கும் கூறலாம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. கடுமையான மனநோய் உடையோர் மருத்துவர் அறிவுரையின்றித் தனித்து அமர்ந்து பயிலுதல் தகாது. உண்டுவரும் மருந்தைத் தாமே நிறுத்துதலும் கூடாது.

ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது; வில்லியனூரை அடுத்த இராமநாதபுரத்தில் அதன் ஊரக நலவாழ்வு நிலையமும் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிரை விட முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, அவர்க்குப் பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமை ஆக்கியுள்ளது. சட்டமே பரிவு காட்டும்போது, சுற்றமும் தன் நெஞ்சும் அதனை மறுத்தல் ஆகாது.

விழாக் கண்டு திரும்பும் அன்பர்கள், இல்லத்தின் மூலையில் பேச்சற்றுச் சோர்ந்திருப்பவர் எவரேனும் உளரோ என்று பார்ப்பாராக. பிரசாதத்தை அவர் கையில் கொடுத்து, அருகே அமர்ந்து, அவர் சொல்வதைச் செவிமடுப்பாராக. சோர்ந்திருப்பவர் தாமே ஆயின், தம் நெஞ்சுக்கும் அவ்வருகிருப்பை நல்குவாராக.