வளித்துவக்கின் ஓசையும் பயிர்க்காவலும்

கொழும்பு மாநகரில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளிலும் வீட்டுத்தோட்டம் செய்வோர் உளர். முற்றத்திலும் மாடியிலும் கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல் முதலியன பயிராகின்றன. காகமும் அணிலும் கிளியும் இவற்றுக்குச் சேதம் விளைவிக்கும்போது, குழாய்த்துண்டும் சைக்கிள் பம்பும் கொண்டு வளித்துவக்கு ஒன்றை வீட்டிலேயே அமைத்துவிடலாம் எனச் சிலர் எண்ணுவர். அதன் ஓசை அயலாருக்குத் தொல்லையானதும், ஓசையைக் குறைக்கும் வழியை நாடுவர். இவ்விடயத்தில் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை கீழே தரப்படுகின்றன.

ஓசை பிறக்கும் விதம்

வளித்துவக்கினுள் வளி சிறிய இடத்தில் அமுக்கி அடைக்கப்படுகின்றது. வாயில் திறக்கப்பட்டதும் அவ்வளி குண்டைத் தள்ளிக்கொண்டு விரைந்து வெளியேறித் திடீரென விரிவடையும். வெடியோசையின் பெரும்பகுதி இதனால் உண்டாவதே. வில்லும் ஆடுதண்டும் மோதுவதால் எழும் ஓசை இரண்டாவது; குண்டு தகரத்திலோ சுவரிலோ படுவதால் எழும் ஓசை மூன்றாவது. குண்டின் கதி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றராகிய ஒலியின் கதியை விஞ்சுமாயின், சவுக்கடி போன்ற வேறோர் ஓசையும் சேரும். ஆகவே ஓசையின் அளவைப் பெரும்பாலும் நிருணயிப்பது உள்ளே அடைபட்ட வளியின் அமுக்கமே.

வயலும் ஒழுங்கையும்

திறந்த வயல்வெளியில், தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 தெசிபெல் குறையும். ஒழுங்கையிலோ இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அது அவ்வாறு விரைவிற் குறைவதில்லை. வயலிற் பொறுக்கத்தக்க ஓசை, வெள்ளவத்தையில் நோயாளரையும் குழந்தைகளையும் உறக்கத்தினின்று எழுப்பிவிடும். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர சபைப் பகுதிகளுக்குப் பகலில் 63 தெசிபெல்லும் இரவில் 50 தெசிபெல்லும் எல்லையாக விதித்துள்ளன. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையே பகலெனக் கொள்ளப்படும்.

ஓசை குறைந்தால் இடர் குறையுமா?

குறையாது. துவக்கின் வாயிற் பொருத்தப்படும் எவ்வுறையும் செவிக்கு எட்டும் ஓசையையே குறைக்கும். குண்டின் வலிமை அவ்வாறே இருக்கும். உருக்குக் குண்டு சீமெந்துச் சுவரிற் பட்டுத் தெறித்து எத்திசையிலும் திரும்பக்கூடும். அடுத்த முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் கண் பறிபோக அத்தகைய ஒரு குண்டே போதும்.

இதனிலும் பெரிய இடர் குழாயிலேயே உள்ளது. நீர் இறைக்கும் பிவிசி குழாயைக் கமக்காரர் நன்கறிவர். நீர் ஏறக்குறையச் சுருங்காத் தன்மையது. எனவே குழாய் பிளந்தால் நீர் பீறிட்டு அடங்கிவிடும். வளியோ சுருக்கப்பட்ட நிலையிற் பெருஞ்சக்தியைத் தன்னகத்தே சேமித்து வைத்திருக்கும். குழாய் உடைந்த கணமே அச்சக்தி முழுவதும் வெளிப்பட்டு, பிளாத்திக்குத் துண்டுகளைக் கத்திபோல் வீசியெறியும். வெயிலிற் கிடந்த குழாய் மேலும் எளிதில் நொறுங்கும். குழாயில் அச்சிட்டுள்ள அமுக்க அளவு நீருக்கே உரியது, வளிக்கு உரியதன்று.

வீட்டில் அமைக்கும் கருவியின் விளைவை அண்டை நாடான இந்தியாவிற் கண்டோம். வயல்களிற் குரங்கையும் பறவையையும் வெருட்டப் பயன்பட்ட கார்பைட் துவக்கு, மத்தியப் பிரதேசத்தில் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர்த் தீபாவளியின்போது விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. அது அமுக்கிய வளியினால் அன்றி, கல்சியம் கார்பைட்டும் நீரும் சேர்ந்து உண்டாகும் அசற்றலீன் வாயு எரிவதனால் வெடிப்பது. ஆயினும் அதுவும் குழாய்த்துண்டினால் அமைந்ததே. நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணிற் காயமுற்றனர். அவர்களிற் பலர் சிறுவர்.

சட்டம் கூறுவது

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, உத்தரவுப்பத்திரமின்றித் துவக்குச் செய்தல் குற்றமாகும். பறவைகளிற் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. அவற்றைச் சுடுதல் ஆகாது.

ஓசையின்றிப் பயிர் காத்தல்

ஓசையினால் விரட்டப்படும் பறவை, அதனால் தனக்குத் தீங்கில்லை என்பதைச் சில நாட்களில் அறிந்து மீண்டும் வரும். அதனால் ஓசையை மட்டும் நம்பியிருத்தல் பயன் தராது. பின்வரும் முறைகள் செலவிற் குறைந்தவை, அயலாருக்கும் தொல்லையற்றவை.

1. நாற்றுமேடைக்கும் காய்ப்பந்தலுக்கும் வலையை இறுக்கமாக இழுத்துக் கட்டுக. தளர்ந்து தொங்கும் வலையிற் பறவையும் பாம்பும் சிக்கும்.

2. பாகல், புடோல் ஆகியவற்றின் பிஞ்சுகளைக் கடதாசிப் பையினால் மூடுக. இது பழ ஈயையும் தடுக்கும்.

3. ஒளி தெறிக்கும் நாடாக்களைக் காற்றில் அசையுமாறு கட்டுக. நாடாவையும் வெருளியையும் சில நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

4. சமையற் கழிவுகளைத் திறந்து வைத்தல் கூடாது. காகத்தைத் தோட்டத்துக்கு அழைப்பது பெரும்பாலும் அதுவே.

5. நெல் வயலில் முளைநெல் விதைத்த முதல் வாரமும் கதிர் பாற்பருவம் அடையும் நாட்களுமே காவல் மிக வேண்டப்படும் காலம். காலையிலும் மாலையிலும் பறவைகள் மிகுதியாக இரை தேடுமாதலின், அந்நேரங்களில் ஆள் நிற்றல் நன்று.

6. அயல் வயல்களோடு ஒரே காலத்தில் விதைப்பின், பறவைகள் ஒரு வயலில் மட்டும் குவியா. சேதம் பலருக்கும் பகிர்ந்து குறையும்.

வீட்டில் ஏற்கெனவே வளித்துவக்கு அமைத்திருப்போர் அதனைத் திருத்தவோ ஓசை குறைக்கவோ முற்படாது, பயன்பாட்டை உடனே நிறுத்துதல் வேண்டும். வளி அடைபட்ட நிலையில் அதனைக் கழற்றலாகாது. பயிர்ச்சேதம் மிகுதியாயின், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவிக்கலாம்; விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.