மோனேயை எந்தச் சுவரில் மாட்டுவது?

ஹாலில் ஒரு பெரிய சுவர் சும்மா கிடக்கிறது, அதில் ஒரு நல்ல இயற்கைக்காட்சி மாட்டலாம் என்று தோன்றினால், படம் தேடக் கிளம்புவதற்கு முன் அந்தச் சுவரில் காலையிலும் மாலையிலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். மோனே, பிஸாரோ போன்ற இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்களின் படங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபின் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம் இதுதான். வயல், ஆறு, பனி எல்லாம் அவர்களுக்கு ஒரு சாக்கு; வரைந்தது வெளிச்சத்தை.

நம் வீடுகளில் எரியும் 6500 கெல்வின் வெள்ளை ட்யூப்லைட்டின் கீழே மோனேயின் பாப்பி வயல் (1873) சோகை பிடித்தது போல இருக்கும். 3000 கெல்வின் பல்பு போட்டதும் அந்தச் சிவப்புப் பூக்கள் மேலெழுந்து வரும். ஆனால் அவரே வரைந்த பனிக்காட்சி, வேலிப்படல் மேல் ஒற்றைப் பறவை உட்கார்ந்திருக்குமே, அதற்கு மஞ்சள் வெளிச்சம் ஆகாது. பனிமேல் விழும் நிழலை நீலத்தில் தீட்டியிருக்கிறார். அந்த நீலம் செத்துவிடும். அதற்கு 4000 போதும். பல்பு பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நேர் வெயில் படும் சுவர் எந்தப் பிரிண்டுக்கும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

அடுத்தது அளவு. கடைகளில் மோனேயின் ‘சூரியோதயம்’ ஆறடி கேன்வாஸில் கிடைக்கிறது. பாரிஸில் இருக்கும் மூலப்படம் 48 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அதை ஆறடிக்கு இழுத்தால் தண்ணீரில் மிதக்கும் அந்த ஆரஞ்சுத் தீற்றல்கள் சுவரொட்டி எழுத்து மாதிரி தடித்துப்போகும். ஒராஞ்சேரி மியூசியத்தில் இருக்கும் அவருடைய அல்லிக்குளப் படங்கள் இதற்கு நேர் எதிர். கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரமுள்ள அந்தப் படங்களை ஓரடிக்குச் சுருக்கினால் மிஞ்சுவது பச்சை வால்பேப்பர். மூலத்தின் அளவை ஒட்டியே பிரிண்ட் போடுவது என் கட்சி. சுவருக்குப் பொருந்தவேண்டும் என்று ஓரத்தை வெட்டுவதை மட்டும் மன்னிக்க முடியாது.

ரெடிமேடு பிரிண்டுகளில் பெரும்பாலும் நிறத்தை ஏற்றி, மிட்டாய் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆகியவை தங்களிடமுள்ள பல படங்களைப் பெரிய கோப்புகளாக இலவசமாகவே தருகின்றன. இறக்கி நாமே பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். 24 அங்குல அகலத்துக்கு 4,800 பிக்சல் இருந்தால் தீற்றல் தீற்றலாகத் தெரியும். முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு அடித்துத் தரச்சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து அதே சுவரில் ஒட்டிப் பாருங்கள். பேப்பர் மேட்டாகவே இருக்கட்டும். மோனேயும் பிஸாரோவும் தங்கள் படங்களுக்கு வார்னிஷ் பூசுவதையே விரும்பாதவர்கள்; பளபளப்புப் பேப்பரில் எதிர் ஜன்னல்தான் தெரியும்.

பிரேம் கடையில் ஒரு சின்னப் போராட்டம் காத்திருக்கும். “கோல்டு போட்டாத்தான் சார் ரிச்சா இருக்கும்” என்பார் கடைக்காரர். பிஸாரோ வெள்ளைப் பிரேமில் படங்களைக் காட்சிக்கு வைத்தவர், தங்கமுலாம் வியாபாரிகளின் ஆசை என்றெல்லாம் அவரிடம் நான் விளக்கவில்லை. மெல்லிய வெள்ளைச் சட்டம் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டச்சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும். ஆணி அடிக்கும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வரட்டும். சாமி படம் மாட்டும் உயரத்தில் இதையும் மாட்டினால் அண்ணாந்தே பார்க்கவேண்டும்.

நீளமான நடைக்கு ஒரே படத்தைத் தேடி அலையவேண்டாம். மோனே 1890, 91இல் வரைந்த கதிர்ப்போர்களில் 15 படங்களைச் சேர்த்தே 1891இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். கோடை முடிவு, பனி, அந்தி என்று நேரம் மாறும் மூன்றை எடுத்து, ஒரே அளவில், ஒரே பிரேமில், நான்கு விரல் இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுங்கள். அந்தியை வாசல் பக்கம் வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் அது எடுபடாது.