உட்காரவும் நிற்கவும் ஒரு மேசை

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நாளை படிப்பை முடித்து வேலைக்குச் செல்லவிருக்கும் நம்மில் பலர், நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் ஒரு மேசையின் முன் அமரப் போகிறோம். அந்த மேசை நம் உடலுக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழியரே?

என் அக்கா ஓர் அலுவலகத்தில் கணினியில் கணக்கு எழுதுகிறாள். மாலையில் வீடு திரும்பியதும் தோளைப் பிடித்துக்கொண்டு அமர்வாள். தைலம் தேய்ப்பது என் வேலை. "வேலைக்குப் போனால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்பார் அம்மா. சென்ற ஆண்டு அவளுக்கு அலுவலகத்தில் புதிய மேசை கிடைத்தது. பொத்தானை அழுத்தினால் உயரும், தாழும். உட்கார்ந்தும் வேலை செய்யலாம், நின்றும் செய்யலாம். மகிழ்ச்சியில் அக்கா மூன்று நாள் முழுவதும் நின்றே வேலை செய்தாள். நான்காம் நாள் தோளோடு கணுக்காலும் வலித்தது! நல்ல மேசை வந்தும் வலி ஏன் போகவில்லை? இதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அறிஞர் கண்டது

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓயாமல் அமர்ந்து வேலை செய்பவர்களின் துன்பத்தையும், நெடுநேரம் நின்று உழைப்பவர்களின் கால் இரத்தநாளங்கள் புடைப்பதையும் அவர் அதில் விளக்கினார். ஜெர்ரி மாரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியரை ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். அமர்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர்கள் வெறுமனே நிற்கவில்லை. இயங்கிக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆக, உட்காருவதும் பகையன்று, நிற்பதும் மருந்தன்று. அளவுக்கு மிஞ்சினால் இரண்டுமே நஞ்சு. நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நலம். மேசை அதற்கு ஒரு கருவி மட்டுமே.

அளவெடுத்தோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தோம். அக்காவின் உயரம் 152 சென்டிமீட்டர். பாதம் தரையில் படியும்படி நாற்காலியில் அமர்ந்து, மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கினாள். தரையிலிருந்து முழங்கை வரை 62 சென்டிமீட்டர். அவளுடைய பழைய மேசையின் உயரமோ 75! நாள் முழுதும் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்திருக்கிறாள். புதிய மேசையும் 70-க்குக் கீழே இறங்கவில்லை. ஆகவே, இத்தகைய மேசை வாங்குவோர் அது எவ்வளவு உயரும் என்பதோடு எவ்வளவு தாழும் என்பதையும் பார்க்க வேண்டும். உயரம் குறைந்த பெண்களுக்கு இது மிக முக்கியம்.

அமைக்கும் முறை

1. உட்காரும்போது விசைப்பலகை முழங்கை மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். தோள் தளர்ந்தும் மணிக்கட்டு நேராகவும் இருக்கட்டும். மேசை தாழாவிட்டால் நாற்காலியை உயர்த்துங்கள். அப்போது கால் தொங்கும். எனவே பாதத்தின் கீழ் ஒரு பலகை வையுங்கள். அக்காவின் நாற்காலியை 8 சென்டிமீட்டர் உயர்த்தி, அதே உயரத்தில் பலகை வைத்தோம்.

2. முதுகின் கீழ்ப்பகுதி நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். சாய்மானம் எட்டாவிட்டால் சிறு தலையணை போதும்.

3. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஏறத்தாழ ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் கண் கூசாது.

4. நிற்கும்போதும் முழங்கையே அளவுகோல். அக்காவுக்கு அது 96 சென்டிமீட்டர். எடையை இரு கால்களிலும் தாங்குங்கள். முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள். சிறு முக்காலியில் கால்களை மாற்றி மாற்றி வைக்கலாம்.

5. தொடக்கத்தில் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். இடையிடையே எழுந்து தண்ணீர் குடிக்க நடந்து செல்லுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பார்த்தால் கண் இளைப்பாறும்.

விலையுயர்ந்த மேசை இல்லையே என வருந்த வேண்டாம். உறுதியான அலமாரித் தட்டு ஒன்று முழங்கை உயரத்தில் இருந்தால், நின்று படிக்க அதுவே போதும்.

எண்ண வேண்டிய ஒன்று

உட்காரும் வேலையில் நிற்க வழி வேண்டுமென்றால், நிற்கும் வேலையில் உட்கார வழி வேண்டாமா? துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்று சேலை விரித்துக் காட்டும் சகோதரிகளை நாம் அறிவோம். கேரளத்தில் அத்தகைய பெண்கள் போராடியதன் பயனாக 2018-இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என விதிக்கப்பட்டது. வலியைப் பொறுப்பதே பெண்ணுக்கு அழகு என்று அவர்கள் வாளாவிருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

அக்காவின் வலி ஒரே நாளில் மறையவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் தைலப் புட்டியைத் தேடுவது குறைந்தது. "பொறுத்துக்கொள்" என்று சொன்ன அம்மாவே இப்போது காய் நறுக்கும் மேடையின் உயரத்தை அளந்து பார்க்கிறார்!

தோழியரே, உடலுக்கு ஏற்ப மேசையை அமைப்போம். மேசைக்காக உடலை வளைக்க வேண்டாம். இன்றே உங்கள் முழங்கை உயரத்தை அளந்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேலையில் சேரும் முதல் நாளில் அந்த எண் உங்களுக்கு உதவும்.