சார்லி பிரவுன் எப்போது தோற்க ஆரம்பித்தான்?

பீநட்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கூரை மேல் மல்லாந்து படுத்திருக்கும் ஸ்னூப்பி. போர்வையைக் கட்டிக்கொண்டு விரல் சூப்பும் லைனஸ். லூசி கடைசி நொடியில் பந்தை இழுத்துவிட, தொப்பென்று விழும் சார்லி பிரவுன். டீ-ஷர்ட்டிலும் ஸ்டிக்கரிலும் நாம் பார்ப்பது இதைத்தான். ஆனால் இந்த ஸ்ட்ரிப்பின் முதல் வருடத்தை எடுத்துப் படியுங்க. மூன்றுமே இருக்காது. லைனஸும் லூசியும் அப்போது பிறக்கவே இல்லை!

பீநட்ஸ் 1950 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவில் வெறும் ஏழு நாளிதழ்களில் தொடங்கியது. வரைந்தவர் சார்ல்ஸ் ஷுல்ஸ். பீநட்ஸ் என்ற பெயர் அவர் வைத்தது இல்லை, விநியோக நிறுவனம் வைத்தது. அவருக்குக் கடைசி வரை அது பிடிக்கவும் இல்லை.

முதல் நாள் ஸ்ட்ரிப்பில் நான்கு கட்டங்கள். ஷெர்மி என்ற பையனும் பேட்டி என்ற பெண்ணும் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி பிரவுன் சிரித்துக்கொண்டே நடந்து போகிறான். "நம்ம சார்லி பிரவுன்" என்கிற மாதிரி ஷெர்மி பாசமாகப் பேசுகிறான். அவன் கட்டத்தைத் தாண்டியதும், அவனைக் கண்டாலே பிடிக்காது என்று முடிக்கிறான். அவ்வளவுதான் ஜோக். குழந்தைகள் என்றால் வெள்ளை மனசு என்ற நம்பிக்கையை முதல் நாளே காலி பண்ணிவிட்டார்.

இங்கே ஒரு டிசைன் விஷயத்தைக் கவனிங்க. பத்திரிகையில் குறைந்த இடம் பிடிக்கும் ஸ்ட்ரிப் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள். நான்கு கட்டமும் ஒரே அளவு. அதனால் எடிட்டர் அதை ஒரே வரிசையாகப் போடலாம், ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கலாம், இரண்டுக்கு இரண்டு சதுரமாகவும் வைக்கலாம். அவ்வளவு சின்னக் கட்டத்தில் விவரமான பின்னணி வரைந்தால் எதுவும் தெரியாது. எனவே ஒரு தரைக்கோடு, ஒரு வேலி, பெரிய தலை, இரண்டு புள்ளிக் கண்கள், போதும். ஒரு புருவம் வளைந்தால்கூட நம் கண்ணில் படுவதற்கு இந்த வெற்றிடம்தான் காரணம்.

சரி, தலைப்புக் கேள்விக்கு வருவோம். ஆரம்ப கால சார்லி பிரவுன் பாவப்பட்ட பையனே இல்லை. குறும்புக்காரன். மற்றவர்களைக் கலாய்த்துவிட்டு ஓடுவான், கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் சிரிப்பான். அந்த வளைந்த கோடு போட்ட சட்டைகூட 1950 டிசம்பரில்தான் வந்தது. அவனை யாருக்கும் பிடிக்கவில்லை என்பது முதல் நாளே தெரியும். ஆனால் அது அவனுக்கு வலிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஷுல்ஸுக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்தப் பந்து ஜோக்கையே பாருங்க. 1951-ல் பந்தைப் பிடித்தது வயலெட். தன் கையிலேயே உதைத்துவிடுவானோ என்ற பயத்தில் விட்டுவிடுகிறாள். 1952 நவம்பரில் லூசி பிடிக்கிறாள். அவன் ஷூ அழுக்கு, தன் புதுப் பந்து கெட்டுப்போகும் என்பது அவள் சொல்லும் காரணம். முதலாவது விபத்து, இரண்டாவது சுயநலம். வருடங்கள் போகப் போக எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. இழுப்பாள் என்று தெரிந்தும் அவன் ஓடி வருகிறான். அப்போதுதான் அது வெறும் விழுகிற ஜோக்காக இல்லாமல், அவன் நம்பிக்கையைப் பற்றிய கதையாகிறது.

இன்னொன்று. ஷ்ரோடர் 1951-லும், லூசியும் லைனஸும் 1952-லும் வந்தார்கள். மூன்று பேருமே குட்டிக் குழந்தைகளாகத்தான் அறிமுகம். பிறகு கிடுகிடுவென வளர்ந்து சார்லி பிரவுன் செட்டிலேயே சேர்ந்துவிட்டார்கள். ஒருவனுக்கு பியானோ, ஒருத்திக்குக் கோபம், ஒருவனுக்குப் போர்வை. முதல் வசனம் பேசிய ஷெர்மிக்கு அப்படி எதுவும் அமையவில்லை, மெல்ல ஓரமாகப் போய்விட்டான். மூன்றாம் நாளே வந்த ஸ்னூப்பி நான்கு காலில் நடக்கும் சாதா நாய். அவன் மனதில் நினைப்பது நமக்குத் தெரிய ஆரம்பித்தது 1952-ல்தான்.

அதனால் முதல் தொகுப்பைத் திறந்து, "இது நான் தேடின பீநட்ஸ் இல்லையே" என்று மூடிவிடாதீங்க. 2000 வரை உதவியாளர் இல்லாமல் கிட்டத்தட்ட 18,000 ஸ்ட்ரிப் வரைந்தவர், தான் என்ன வரைகிறோம் என்பதை வாசகர்கள் முன்னாலேயே தேடிய வருடங்கள் இவை.

ஒரு சின்னப் பயிற்சி: 1950-ல் பத்து ஸ்ட்ரிப், 1954-ல் பத்து ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்ளுங்க. வசனத்தை விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் சார்லி பிரவுனின் வாயை மட்டும் பாருங்க. அந்தக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று எண்ணுங்க. தலைப்புக் கேள்விக்கு உங்கள் பதில் அதிலேயே கிடைக்கும்.