காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கார்

என் பெட்ரோல் கார் காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. பிறகு நாள் முழுக்கத் தொல்லையே இல்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா? – வாசகர், குன்னூர்

அவசரப்பட்டுப் பணம் செலவழிக்காதீர்கள். முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்.

செல்ஃப் மோட்டார் சோர்ந்து சுற்றினாலோ, 'டக் டக்' என்று நின்றாலோ சந்தேகம் பேட்டரி மீதுதான். குளிரில் அதன் வலு குறையும், ஆயிலும் கெட்டிப்படும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்து இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பேட்டரி நிரபராதி! சாவியை 'ஆன்' நிலையில் இரண்டு விநாடி வைத்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்ப்பிலுள்ள வால்வோ, கசியும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். அழுத்தமானி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வண்டியை முதல் நாள் இரவே மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் இந்தக் குறை அவர் கண்ணில் படாது.